படித்ததை எழுதும்போது செய்யும் தவறுகள்: மாதக் கடைசி ஞாபகத்தை நம்பாதீர்கள்

எங்கள் வாசகர் வட்டம் மொரீசியஸ் தீவில், ரோஸ்ஹில் ஊரில் ஒரு வீட்டு முன்கூடத்தில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை கூடுகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அந்த மாதம் படித்த புத்தகங்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் தமிழில் எழுதி வந்து வாசிக்க வேண்டும். வேறு விதி இல்லை. இந்த வருஷம் புதிதாக நாலு பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுப்பவர்கள், ஒருவர் வங்கியில் வேலை பார்ப்பவர், ஒருவர் ஓய்வு பெற்ற தபால்காரர். எல்லாரும் ஆசையோடு எழுதி வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக வாசிக்க வாசிக்க, பதினைந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய பக்கங்களே திரும்பி வந்ததுபோல இருந்தது. அதே அவசரம், அதே இடத்தில் சறுக்கல்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முதல் நாளே திருத்தினால் அடுத்த மாதம் வரமாட்டார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எழுத்துப்பிழை, ஆசிரியர் பெயரை மாற்றிப் போடுவது, கதையின் முடிவை உடைத்துவிடுவது, இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். வேலை மிகுந்த மாதத்தில் அங்கே இங்கே திருடிய நேரத்தில் படித்துவிட்டு, பிறகு அதைப் பற்றி யோசிக்க உட்காரும்போது வருகிற தவறுகள் வேறு மாதிரியானவை.

எண்ணிக்கையில் ஆரம்பிப்பது

"இந்த மாதம் ஏழு புத்தகம்" என்று முதல் வரி எழுதினால், மீதிப் பக்கம் அந்த ஏழுக்குக் கணக்குக் காட்டுவதிலேயே போய்விடும். எண்ணாதீர்கள்.

மாதக் கடைசி வரை காத்திருப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றவை எல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை. இந்த ஒன்று என்னைவிட்டுப் போய் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது.

2011 கடைசியில் ஒரு மாதம். பள்ளியில் தேர்வுத்தாள் கட்டுக்கட்டாக, வீட்டில் தங்கை கல்யாணம். அப்போது மெட்ரோ கிடையாது. ரோஸ்ஹில்லில் இருந்து போர்ட் லூயிசுக்குப் பேருந்தில் போகும் நேரமும் வரும் நேரமும்தான் எனக்கு வாசிப்பு நேரம். அந்த மாதம் மூன்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். முதலாவது, காந்தி தென்னாப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றி எழுதிய நூலின் தமிழாக்கம். இரண்டாவது, எங்கள் தீவுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி பிரெஞ்சில் ஒரு வரலாறு. மூன்றாவது, காந்தி மொரீசியசில் தங்கியதைப் பற்றிய சின்னப் பிரசுரம். மூன்றும் பிடித்திருந்தன. ஒரு வரி குறிப்புகூட எடுக்கவில்லை. இவ்வளவு பிடித்தது எப்படி மறக்கும் என்ற நம்பிக்கை.

கூட்டத்துக்கு முந்தின இரவு ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன், அதுதான் கேடு. அதில் ஒரு வாக்கியம்: "1901-ல் காந்தி நம் தீவில் இறங்கியபோது, ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோர்கள் வருஷம் 3 பவுன் வரி கட்டத் தவித்ததைக் கண்டு மனம் நொந்தார்."

இந்த வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு நூலில் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய். காந்தி 1901 அக்டோபர் கடைசியில் போர்ட் லூயிசில் இறங்கி ஏறத்தாழ மூன்று வாரம் இங்கே இருந்தது உண்மை. 3 பவுன் வரியும் உண்மை. ஆனால் அது தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் இருந்த வரி. ஒப்பந்தம் முடிந்து, ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் அங்கேயே குடியிருக்க நினைத்தவர்கள் மேல் 1895-ஆம் வருஷத்துச் சட்டம் போட்ட வரி. நேட்டாலில் முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், ஆறு மாத உழைப்பு. பெண்களும் கட்ட வேண்டும். போராட்டம் நடந்து 1914-ல்தான் அது எடுக்கப்பட்டது. எங்கள் தீவில் அந்த வரி இருந்ததே இல்லை.

வட்டத்தில் வாசித்தேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஒரு மாமா என் பக்கத்தை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து, ஒரு கோயிலின் காவடி மலர் கையில் கிடைத்தது. மஞ்சள் அட்டை, மயில் படம். உள்ளே ஒரு இரும்புக்கடை விளம்பரத்துக்கும் உபயதாரர் பட்டியலுக்கும் நடுவில் என் வாக்கியம் கட்டம் கட்டி அச்சாகியிருந்தது. 300 பிரதி. அந்த மாமா நல்ல மனத்தோடுதான் கொடுத்திருக்கிறார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை.

அப்போதும் எனக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து, அதே தமிழாக்கத்தை வேறு காரணத்துக்காகப் புரட்டும்போதுதான் தெரிந்தது. கை நடுங்கிற்று. மாமாவுக்குப் போன் செய்தேன், கோயிலுக்கும் சொன்னேன். மலர் அச்சாகி, வீடு வீடாகப் போய், சாமி அலமாரியில் சேர்ந்துவிட்ட பிறகு யாரால் என்ன செய்ய முடியும்? அப்புறம் ஒரு நாள் என் வகுப்பில் ஒரு பெண்குழந்தை கட்டுரை எழுதி வந்தாள். "காந்தி மொரீசியசில் 3 பவுன் வரியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்." நான் போட்ட பொய்க்குக் கண்ணீரும் முளைத்திருந்தது. எங்கே படித்தாய் என்று கேட்டேன். தாத்தா சொன்னாராம். அவளைக் கூப்பிட வந்த தாத்தாவிடம் மெதுவாக விளக்கினேன். "அச்சில வந்திருக்கே, மிஸ்" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தப்பு நடந்தது மட்டும் என்றால் இவ்வளவு வருஷம் உறுத்தாது. மலரில் அந்தக் கட்டத்துக்குள் வர வேண்டியது வேறு என்பதுதான் உறுத்துகிறது. அதே மாதம் நான் படித்த பிரெஞ்சு வரலாற்றில் எங்கள் தீவின் துன்பம் அத்தனையும் இருந்தது. 1834 நவம்பர் 2-ஆம் தேதி அட்லஸ் கப்பலில் வந்த 36 பேரில் ஆரம்பித்து, இரட்டைப் பிடித்தம் வரை. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். காய்ச்சலில் நாலு நாள் படுத்தவனுக்கு எட்டு நாள் போயிற்று. ஒப்பந்தம் முடிந்தவர்கள் 1867-ஆம் வருஷத்துச் சட்டப்படி புகைப்படம் ஒட்டிய பாஸ் சுமந்து திரிய வேண்டும். அது கையில் இல்லாமல் பிடிபட்டால் நாடோடி என்று உள்ளே போடலாம். 1871-ல் அடோல்ப் டி பிளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி எழுதிய மனுவில் 9,401 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். அதற்குப் பிறகே 1872-ல் அரச விசாரணைக் குழு வந்தது. இவ்வளவையும் படித்துவிட்டு, என் சொந்தத் தாத்தாவின் தாத்தா பட்ட பாட்டை எழுத வேண்டிய இடத்தில் நேட்டாலின் வரியை எழுதி வைத்தேன். அந்தப் பாஸில் ஒட்டிய முகங்கள் இன்றும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏன் இப்படி நடக்கிறது? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார். ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம், ஒரு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கதையும் வரலாறும் அசைகளைவிட நன்றாகவே நிற்கும், சரி. ஆனால் நான் பார்த்த வரையில் முதலில் போவது விஷயம் இல்லை. எந்த நூலில், எந்தப் பக்கத்தில், யார் சொன்னது என்பதுதான் முதலில் உதிர்கிறது. காட்சி பளிச்சென்று இருக்கும், முகவரி கிழிந்து போயிருக்கும். முகவரி இல்லாத காட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்று நூல்களும் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தால் இன்னும் சுலபமாக ஒட்டும். ஒட்டின இடம் உங்களுக்கே தெரியாது.

இப்போது நான் செய்வது இது. பள்ளி நோட்டுத் தாளைப் பாதியாகக் கிழித்து, நாலைந்து துண்டு எப்போதும் புத்தகத்துக்குள் வைத்திருப்பேன். படித்த அன்றே, தூங்குவதற்கு முன், ஒரு துண்டு. மேலே தேதி, நூல் பெயர், எந்தப் பதிப்பு, பக்க எண். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் நூல் சொல்வது, வலது பக்கம் எனக்குத் தோன்றியது. இரண்டையும் கலக்கவே கூடாது. துண்டு ஒன்றுக்கு ஒரு விஷயம் போதும். தெம்பில்லாத இரவில் பக்க எண்ணும் மூன்று சொல்லும் எழுதினால்கூடப் போதும்.

2024 ஜனவரியை எங்கள் தீவில் யாரும் மறக்கமாட்டார்கள். பள்ளி திறக்கிற மாதம், தைப்பூசக் காவடி 25-ஆம் தேதி, நடுவில் பொங்கலன்றே பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருவில் கார்கள் மிதந்தன. அந்த மாதத் துண்டு ஒன்று முன்னால் இருக்கிறது. "14.1.24. இரவு, கரண்ட் போவதற்கு முன். பக்கம் 112." இடது பக்கம்: "மகன் சாப்பிட்ட தட்டைத் தாய் மூன்று நாள் கழுவவில்லை." வலது பக்கம்: "அவன் திரும்பமாட்டான் என்று அவளுக்கு முன்பே தெரியுமா?" அவ்வளவுதான். அடுத்த பத்து நாள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. மாதக் கடைசியில் அந்தத் துண்டை எடுத்ததும் நாவல் முழுக்கத் திரும்ப வந்தது. அந்தக் கேள்வியை வைத்தே என் பக்கத்தை எழுதினேன்.

புதிதாக வந்த பயிற்சி ஆசிரியை ஒருவர், "எனக்கு நல்ல ஞாபகசக்தி, அக்கா" என்றார். எனக்கும் நல்ல ஞாபகசக்திதான், அம்மா. அது இருந்ததால்தான் அவ்வளவு தெளிவாகப் பொய் எழுத முடிந்தது.

பிரெஞ்சில் படித்ததைத் தமிழில் எழுதும்போது அகராதியை மட்டும் நம்புவது

இது எங்களுக்கு என்றே இருக்கிற சிக்கல். வீட்டில் கிரியோல், படிப்பது பெரும்பாலும் பிரெஞ்சும் ஆங்கிலமும், எழுதுவது தமிழ். மூன்று கதவைத் தாண்டி வருகிற சொல் பாதி வழியில் ஆளையே மாற்றிக்கொள்ளும்.

இந்த மாதம் ஒருவர் பக்கத்துத் தீவான ரீயூனியனைப் பற்றிய நாவலைப் படித்துவிட்டு, அதில் வரும் குடும்பத்தை "மலபாரிலிருந்து வந்த மலையாளிகள்" என்று எழுதியிருந்தார். ரீயூனியனில் மல்பார் என்றால் பெரும்பாலும் தமிழ் வம்சாவளியினர். நம்மவர்கள்! தீ மிதிக்கிற குடும்பத்தைப் பற்றி எழுதியும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் தீவிலோ அதே சொல் வட இந்திய வம்சாவளி இந்துக்களைக் குறிக்கும், தமிழரை மத்ராஸ் என்பார்கள். ஒரே சொல், இரண்டு தீவு, இரண்டு ஆள். எந்தத் தீவில் எழுதிய நூல் என்று பார்க்காமல் சொல்லைத் தொடக்கூடாது.

அதேபோல சர்தார். எங்கள் கரும்புத் தோட்டங்களில் கூலிகளை மேய்த்தவர் சர்தார். அதைக் கங்காணி என்று தமிழாக்கினால் படிக்க இதமாக இருக்கும், தமிழ் மணம் வீசும். ஆனால் கங்காணி என்றதும் தமிழ் வாசகர் மனம் இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போய்விடும். அந்த முறையும் வேறு. கங்காணி தன் ஊர் ஆட்களைத் தானே கூட்டிப் போனவர். இந்தத் தீவுக்கு வந்தவர்கள் ஒப்பந்தத்தில் பேர் பதிந்து கப்பலேறியவர்கள். சர்தாரைச் சர்தார் என்றே எழுதுங்கள்.

ஒரு நூலின் வரியை மேற்கோள் குறிக்குள் போடுகிறீர்கள் என்றால், அது நீங்கள் தமிழாக்கியது என்று பக்கத்தில் சொல்லிவிடுங்கள். துண்டில் மூல மொழியிலேயே எழுதி வைப்பது இன்னும் நல்லது. அவசரத்தில் தமிழில் குறித்துவைத்து, மறந்துபோய், அதையே ஆசிரியர் வாக்காகக் காட்டியவர்களை எனக்குத் தெரியும்.

களைப்பைப் புத்தகத்தின் மேல் போடுவது

காவடி விரதத்தில் பத்து நாள். ஒரு வேளைச் சாப்பாடு, விடியலில் எழுந்து குளியல், பகலில் பள்ளி, மாலையில் கோயில், அப்புறம் சமையல். இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறந்தால் எந்த ஆசிரியரும் மெதுவாகத்தான் நடப்பார். "நடை தொய்கிறது", "நடுப்பகுதி இழுவை" என்று அந்த வாரத்தில் நான் எழுதிய தீர்ப்புகளில் பாதியை ஜூன் மாதக் குளிரில் (எங்களுக்கு அப்போதுதான் குளிர்காலம்) மறுபடி படித்துத் திரும்பப் பெற்றிருக்கிறேன். ஒரு நாவலில் நாற்பது பக்கம் மழை பெய்துகொண்டே இருக்கும். ஜனவரியில் எரிச்சலாக இருந்தது. ஜூனில் கியூர்பிப்பில் ஒரு வாரம் தங்கி, காலை முதல் மாலை வரை தூறலைப் பார்த்துக்கொண்டு படித்தபோது, அந்த நாற்பது பக்கம்தான் நாவலின் உயிர் என்று தெரிந்தது.

அதனால் எங்கே, எந்த நேரத்தில், என்ன நிலையில் படித்தீர்கள் என்று ஒரு சொல் குறித்துக்கொள்ளுங்கள். "மெட்ரோவில் நின்றபடி" என்று துண்டில் இருந்தால், தீர்ப்பு எழுதும்போது கை தானாகக் கொஞ்சம் நிதானிக்கும்.

எழுதுவதற்கு முன் இரவல் கொடுப்பது

கொடுக்காதீர்கள். திரும்பி வராது.

பக்கமெல்லாம் மஞ்சள் மை

எல்லா வரிக்கும் கோடு போட்டால் எந்த வரிக்கும் போடாத மாதிரிதான்.

கதைச் சுருக்கம்

மூன்று வரி. நாலாவது வரியில் நீங்கள் வர வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே சரட்டில் கோப்பது

வங்கிக்காரர் நாலு புத்தகம் படித்திருந்தார். ஒரு சமையல் நினைவுக் குறிப்பு, ஒரு துப்பறியும் கதை, ஒரு தேவார உரை, பொருளாதாரம் பற்றி ஒன்று. எழுதி வந்த பக்கத்தின் தலைப்பு: "இழப்பு: நான்கு பார்வைகள்". துப்பறியும் கதையில் நகை தொலைகிறது, அது இழப்பாம். தேவாரத்தில் இறைவனைப் பிரிந்த ஏக்கம், அதுவும் இழப்பாம். பாவம், ராத்திரி முழுக்க உட்கார்ந்து இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். கண் சிவந்திருந்தது.

ஒரு மாதத்தில் படித்தவை ஒன்றுக்கொன்று சொந்தமாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. கையில் கிடைத்ததைப் படித்தோம், அவ்வளவுதான். உண்மையான தொடர்பு இருந்தால் அது துண்டுகளை மேசையில் பரப்பும்போது தானாகக் கண்ணில் படும், அதுவும் பெரும்பாலும் சின்ன இடத்தில். இரண்டு நூலிலும் யாரோ அரிசி புடைக்கிறார்கள் என்ற அளவில் இருக்கும். அதை எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒரு புத்தகத்தைப் பற்றி முக்கால் பக்கம் எழுதிவிட்டு, மற்றவற்றின் பெயரைக் கடைசியில் சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் கேள்வி கேட்கமாட்டோம்.

பாதியில் விட்டதை மறைப்பது

தபால்காரர் அன்று ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் வாசித்தார். வாழ்க்கை வரலாறு, ஒழுங்கான பக்கம், நினைவில் ஒன்றும் நிற்கவில்லை. கூட்டம் முடிந்து வெனிலா டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் பையில் இன்னொரு புத்தகம் எட்டிப் பார்த்தது. இது என்ன அண்ணே என்று கேட்டேன். கூச்சப்பட்டார். பிரெஞ்சு நாவல், அறுபது பக்கத்தோடு நிறுத்திவிட்டாராம். முடிக்காததைப் பற்றி எப்படி எழுதுவது என்று விட்டுவிட்டாராம்.

ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். புத்தகத்தைத் திறந்து காட்டினார். கதாநாயகி பிள்ளைக்குக் கடிதம் எழுதி உறையில் முகவரி எழுதுகிற இடம். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பத்தொரு வருஷம் கடிதம் கொடுத்தவன் நான். இதில் பேர் இருக்கு, ஊர் இருக்கு, தெரு இல்லை. இந்தக் கடிதம் போய்ச் சேராது. அவளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல படிக்க மனசு வரல."

அன்றைக்கு அந்த வீட்டில் வாசித்த பத்துப் பக்கத்திலும் இதற்கு இணையாக ஒன்று இல்லை. அடுத்த மாதம் இதையே எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். என் பையில் இருந்த பாதித் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, பக்க எண்ணை அங்கேயே குறிக்க வைத்தேன். பக்கம் 58.